பத்துப் பேருக்குச் சமமான இரண்டரை லட்சம்

2021ஆம் ஆண்டின் முற்பகுதியில், அமெரிக்கர்களில் எத்தனை பேர் கொரோனா தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டுக்கொண்டார்கள் என்பதைப் பல கருத்துக்கணிப்புகள் தொடர்ந்து அளந்துவந்தன. அவற்றில் மூன்றை எடுத்துக்கொள்வோம். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ஃபேஸ்புக் வழியாக நடத்திய கணிப்பில் வாரத்துக்குச் சுமார் 2.5 லட்சம் பேர் பதில் சொன்னார்கள். அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் கணிப்பில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுமார் 75 ஆயிரம் பேர். ஆக்சியோஸ் செய்தி நிறுவனத்துக்காக இப்சோஸ் நடத்தியதிலோ சுமார் ஆயிரம் பேர்தான்.

போடப்பட்ட ஊசிகளின் கணக்கு அரசிடம் இருந்ததால் இந்த மூன்றையும் உரசிப் பார்க்க முடிந்தது. மே மாதத்தில் ஃபேஸ்புக் கணிப்பு 17 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகச் சொல்லியிருந்தது. கணக்கெடுப்பு அலுவலகத்தின் கணிப்பு 14 புள்ளிகள் கூடுதலாக. ஆயிரம் பேரைக் கேட்டவர்கள்தான் உண்மைக்கு அருகில் நின்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு இதை இன்னும் கூர்மையாகச் சொன்னது: ஏப்ரல் மாத ஃபேஸ்புக் கணிப்பில் இருந்த பிழை, குலுக்கல் முறையில் எடுத்த 10 பேரை மட்டும் கேட்டிருந்தால் வரக்கூடிய பிழைக்குச் சமம்.

அந்தக் கணிப்பை நடத்தியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். பதில் சொல்பவர்கள் ஒரு பக்கமாகச் சாய்வார்கள் என்பது தெரிந்து, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப எடையிட்டுத் திருத்தவும் செய்தார்கள். திருத்திய பிறகும் 17 புள்ளிகள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எடையிடுதல் என்பது எளிய கணக்கு. ஓர் ஊரில் 100க்கு 30 பேர் பட்டதாரிகள் என்று வைத்துக்கொள்வோம். நமக்குப் பதில் சொன்ன 100 பேரில் 60 பேர் பட்டதாரிகள். அப்படியானால் ஒவ்வொரு பட்டதாரியையும் அரை ஆளாகவும், மற்ற 40 பேரில் ஒவ்வொருவரையும் ஒன்றேமுக்கால் ஆளாகவும் எண்ண வேண்டும். விகிதம் ஊரோடு பொருந்திவிடும். ஆனால், பதில் சொன்ன அந்த 40 பேரும் பதில் சொல்லாத மற்ற பட்டதாரி அல்லாதவர்களைப் போன்றவர்களே என்ற அனுமானம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. அது பொய்த்தால், தவறான ஆளைத்தான் ஒன்றேமுக்கால் மடங்கு பெருக்கியிருக்கிறோம்.

ஃபேஸ்புக் கணிப்பு கல்விக்கும் இனத்துக்கும் எடையிடவில்லை. 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகளைக் கவிழ்த்ததிலும் கல்வியை விட்டதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், கல்வியைச் சேர்த்திருந்தாலும் முழுக்கச் சரியாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. திரையில் வரும் அழைப்பை நம்பி உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், அரசு சொல்லும் ஊசியையும் நம்பக்கூடியவர். அந்த நம்பிக்கைக்கு எந்த அரசு அட்டவணையிலும் பத்தி கிடையாது.

திருத்தம் பலித்த கதையும் உண்டு. 2012 தேர்தலுக்கு முன் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியாக 3.45 லட்சம் பேரிடம் கருத்துக் கேட்டார்கள். 93 சதவீதம் ஆண்கள். 65 சதவீதம் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். இதைவிடக் கோணலான மாதிரியைத் தேடிப் பிடிப்பது கடினம். ஆய்வாளர்கள் பாலினம், வயது, இனம், கல்வி, மாநிலம், கட்சிச் சார்பு, கொள்கை நிலை, 2008இல் போட்ட வாக்கு என வாக்காளர்களை 1,76,256 அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறையையும் தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டினார்கள். முன்னணிக் கணிப்புகளுக்கு நிகரான விடை வந்தது. கட்சிச் சார்பையும் பழைய வாக்கையும் கேட்டு வைத்திருந்ததுதான் இங்கே காப்பாற்றியது. விளையாடுபவரையும் விளையாடாதவரையும் அரசியலில் வேறுபடுத்தியது ஏறக்குறைய முழுவதும் கையில் இருந்தது.

ஆள் எண்ணிக்கையைக் கூட்டினால் இந்தக் கோணல் கரையாது. ஹார்வர்டு புள்ளியியலாளர் ஷியாவ்-லி மெங் 2018இல் போட்ட கணக்கின்படி, 2016 தேர்தல் கணிப்புகளில் இருந்த அளவுக்கு மிக நுண்ணிய சாய்வு இருந்தாலே போதும். 23 லட்சம் பேரின் பதில், குலுக்கலில் எடுத்த சுமார் 400 பேரின் பதிலின் மதிப்பைத்தான் பெறும். மாதிரி பெருகப் பெருக அச்சிடப்படும் பிழை வரம்பு மட்டும் சுருங்கிக்கொண்டே போய், தவறான எண்ணுக்கு அசாத்திய உறுதியைக் கொடுத்துவிடும். இப்சோஸ் பணத்தை வேறு இடத்தில் செலவழித்தது. முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கலில் வீடுகளை எடுத்து, இணையம் இல்லாத வீட்டுக்கு இணைய இணைப்போடு கையடக்கக் கணினியும் தந்து பதில் வாங்கியது.

இந்தியாவுக்கும் இது பொருந்தும். 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் 2.61 லட்சம் குடும்பங்களைச் சந்தித்தார்கள். நகரத்து வசதி படைத்தோர் மாதிரியிலிருந்து நழுவாமலிருக்க, 10 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள சொந்தக் கார் வைத்திருக்கும் வீடுகளைத் தனி அடுக்காகவே வைத்தார்கள். பின்னால் எடையிட்டு ஒப்பேற்றுவதைவிட வாசலிலேயே செய்யும் இத்தகைய திருத்தம் மேல்.

ஆனால், எந்த எடைக்கும் ஒரு மொத்தக் கணக்கு அடிப்படையாக வேண்டும். நம்மிடம் இருப்பது 2011 கணக்கெடுப்பு. 2021இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1ஐ ஆதார நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் எடுத்த ஆய்வுகளெல்லாம் பழைய எண்களிலிருந்து நீட்டிக் கணித்த மக்கள்தொகைக்கே எடையிடப்பட்டன. நகரங்கள் வீங்கியதும் இளைஞர்கள் வேலைக்காக ஊர் மாறியதும் அந்த நீட்சிக்குள் எவ்வளவு அடங்கும் என்பது, புதிய கணக்கு வந்த பிறகே தெரியும்.

அந்தப் புதிய கணக்கும் தானாகச் சரியாகிவிடாது. 2011இல் 121 கோடிப் பேரை எண்ணி முடித்த பிறகு, குறிப்பிட்ட சில பகுதிகளில் மட்டும் தனியே மறு கணக்கெடுப்பு நடத்தினார்கள். முதல் கணக்கில் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருந்தது அதில்தான் தெரிந்தது.