சதுர அடி விலை கேட்பதற்கு முன்

2024 ஜூலையில் ‘சான் பெர்னாண்டோ’ என்னும் சரக்குக் கப்பல் விழிஞ்ஞத்தில் கரையணைந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் பிறகு முக்கோலை, வெங்ஙானூர், கோட்டுகால் பக்கங்களில் சென்ட் விலையைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களும், திருவனந்தபுரத்தில் பணிபுரியும் கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்களும், ஓய்வுபெற்றவர்களும் மனை வாங்கி வீடு கட்ட முனைகிறார்கள். மனையைத் தேர்ந்தெடுக்க ஓராண்டு அலைகிறார்கள். வில்லங்கச் சான்றை மூன்று பேரிடம் காட்டிக் கேட்கிறார்கள். ஆனால் அந்த மனைமேல் வீடு எழுப்பப்போகும் ஒப்பந்தக்காரரை ஒரே மாலையில் முடிவு செய்துவிடுகிறார்கள். வீட்டுக் கடன் மேசையின் இப்பக்கம் அமர்ந்திருக்கும் எங்களுக்கு இது நீண்ட நாள் உறுத்தல்.

அந்த மாலையில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “சதுர அடிக்கு எவ்வளவு?” இக்கேள்விக்குக் கிடைக்கும் விடை விலையே அன்று என்பது எங்கள் கருத்து. 1,500 சதுர அடி வீட்டுக்கு ஒருவர் 2,200 ரூபாய் என்றும், மற்றவர் 2,500 ரூபாய் என்றும் சொல்வதாக வைத்துக்கொள்வோம். முன்னவர் சொன்னதில் சரக்கு மற்றும் சேவை வரி சேரவில்லை. பின்னவர் சொன்னதில் சேர்ந்திருக்கிறது. பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு வரி 18 விழுக்காடு. 33 லட்சம் என்று தோன்றியது 38 லட்சத்து 94 ஆயிரம் ஆகிறது. 2,500 ரூபாய்க்காரரோ 37 லட்சத்து 50 ஆயிரத்தில் நிற்கிறார். (தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசும் ஒப்பந்தத்துக்கு இந்த வரி விலக்கு உண்டு. பொருளைத் தாமே வாங்கிக் கொடுக்க நேரமும் பொறுமையும் உள்ளவர்கள் இதை எண்ணிப்பார்க்கலாம்.) சுற்றுச்சுவர், கழிவுநீர்த் தொட்டி, கிணறு, மாடிப்படி மேற்கூரை, வராந்தாவின் பரப்பு ஆகியவை கணக்கில் உண்டா இல்லையா என்பது அடுத்த சிக்கல். இரண்டு மதிப்பீடுகளையும் பொருள்வாரியாக, அளவுவாரியாக எழுதி வாங்காமல் ஒப்பிடவே முடியாது. எழுதித்தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேசுவது வீண்.

விழிஞ்ஞத்துக்கே உரிய கேள்வி வேறு: அது உப்பு. கடற்காற்று கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே கம்பியைத் தொட்டுவிட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பது. உள்ளிருந்து தள்ளிக் கூரையை விரிசல் விடச் செய்யும், பிறகு காரை பெயர்ந்து விழும். வீடு குடிபுகுந்த அன்று இதன் சுவடே தெரியாது. கடன் தவணை பாதி கட்டி முடியும் காலத்தில் படுக்கையறைக் கூரையில் பழுப்பு நிறக் கோடாக அது வெளிப்படும்.

இதற்கு விடை இல்லாமல் இல்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கடற்கரைச் சூழலுக்கு ஆளாகும் கட்டடத்தைக் ‘கடுமை’ என்னும் வகையில் வைக்கிறது. அங்கே கம்பி போட்ட கான்கிரீட் குறைந்தது எம்-30 தரமாக இருக்க வேண்டும்; கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கடலிலிருந்து தொலைவில், இதமான சூழலில் கட்டிப் பழகியவருக்குக் கைவந்தது எம்-20 கலவையும் 20 மில்லிமீட்டர் மூடலும்தான். அதே பழக்கத்தை அவர் கடலோரத்துக்கும் கொண்டுவந்தால் வீட்டின் ஆயுள் அங்கேயே குறைந்துவிடுகிறது. கலவைக்கு ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்றும் அத்தரநிலை வரையறுக்கிறது. கடலோரக் கிணற்று நீரைச் சோதித்துப் பாராமல் ஊற்றுபவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அன்று. கடலுக்கு எவ்வளவு தொலைவில், எந்த ஆண்டில், யாருக்கு வீடு கட்டினீர்கள் என்று கேளுங்கள். போன மாதம் பால் காய்ச்சிய புது வீட்டைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பத்து ஆண்டு பழைய வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் பேசுங்கள். குளியலறைக் கூரையையும் சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் நிமிர்ந்து பாருங்கள். இந்தக் கடற்கரையில் பத்து ஆண்டுக்கு முன் கட்டிய ஒரு வீட்டைக்கூடக் காட்ட இயலாதவர் நல்லவராகவே இருக்கலாம். உங்கள் வீட்டில் அவர் பாடம் கற்க வேண்டியதில்லை.

சிக்கனம் தவறு என்று நாங்கள் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிக்கனக் கட்டடக் கலைக்குத் திருவனந்தபுரத்தைவிடப் பெயர்பெற்ற நகரம் இந்தியாவில் அரிது. பர்மிங்காமில் 1917இல் பிறந்து இந்நகரையே தம் ஊராக்கிக்கொண்டு 2007இல் மறைந்த லாரி பேக்கர், செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையால் செங்கல் தேவையைக் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைத்தார், பூச்சைத் தவிர்த்தார், கொத்தனார்களோடு களத்தில் நின்றே வேலையை நடத்தினார். உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையமும், தம்பானூர் பேருந்து நிலையத்தருகே சுருள் கோபுரமாக நிற்கும் இந்தியன் காபி ஹவுஸும் அவர் கைவண்ணங்கள். பேக்கர் எங்கே குறைத்தார் என்பதைச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். மலிவாகக் கட்டித் தருகிறேன் என்பவரிடமும் அதையே கேளுங்கள்: எதில் குறைக்கிறீர்கள்? வடிவமைப்பில் என்றால் கேட்கத்தக்கது. “அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றால், பெரும்பாலும் சிமெண்டிலும் கம்பியிலும் நீராற்றும் நாட்களிலும்தான் குறையும்.

இனி எங்கள் துறைக்கு வருவோம். அடித்தளம், லிண்டல் மட்டம், கூரை, பூச்சு என்று வேலை உயர உயரத்தான் வங்கி கடனை விடுவிக்கிறது. இதைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். “கம்பி விலை ஏறுகிறது, முன்கூட்டியே கொடுத்துவிட்டால் ஒப்பந்தக்காரர் மொத்தமாக வாங்கிவிடுவார்” என்று வந்து நிற்பார்கள். எழாத சுவருக்கு நாங்கள் பணம் விடுவிப்பதில்லை. நீங்களும் உங்கள் சேமிப்பிலிருந்து அவ்வாறு கொடுக்க வேண்டாம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் கேட்பவர், முந்திய வாடிக்கையாளரின் வீட்டை உங்கள் பணத்தில் முடிக்க எண்ணுகிறார் என்ற ஐயம் எங்களுக்கு எழும்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துச் செல்வதைத் தரச்சான்று என்று எவரும் எண்ண வேண்டாம். சுவர் லிண்டல் மட்டம்வரை எழுந்ததா, செலவிட்ட தொகைக்கேற்ற வேலை நடந்திருக்கிறதா என்பதையே அவர் பார்க்கிறார். கான்கிரீட்டுக்குள் கம்பி எங்கே கிடக்கிறது என்பதைப் பார்க்க அவர் வருவதில்லை. அதற்கு ஒப்பந்தக்காரரைச் சாராத ஒரு பொறியாளரை நீங்களே அமர்த்த வேண்டும்; குறைந்தது கான்கிரீட் போடும் நாட்களிலாவது அவர் களத்தில் இருக்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் தொகை வீட்டில் வீணாகாத செலவுகளுள் ஒன்று.

கட்டட அனுமதியை ‘நானே எடுத்துத் தருகிறேன்’ என்பவரிடமும் எச்சரிக்கை தேவை. விழிஞ்ஞம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. கோட்டுகாலும் வெங்ஙானூரும் ஊராட்சிகள். இரண்டுக்கும் கட்டட விதிகள் தனித்தனி. கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும். கொச்சி மரடில் 2020 ஜனவரியில் தகர்க்கப்பட்ட நான்கு குடியிருப்புத் தொகுதிகளுக்கும் உள்ளாட்சி அனுமதி இருந்தது. அம்மண்டல விதியை அது காக்கவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்திடுவது நீங்கள் என்பதால், நகலும் உங்கள் கையில் இருக்கட்டும்.

அடுக்குமாடி வாங்குவோருக்குக் கிடைக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் துணை, சொந்த மனையில் தமக்கென ஒரு வீடு கட்டுவிப்பவருக்குக் கிட்டாது. அவருக்குள்ளது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் வீடு கட்டித் தருவதைச் சேவை என்றே வரையறுக்கிறது. ஆயினும் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தமும், வங்கி வழியே செலுத்திய பணத்தின் சான்றும் இல்லாமல் ஆணையத்தின் முன் நிற்பது கடினம். ரொக்கமாகத் தந்தால் சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைப்பதாகச் சொல்பவர், அந்தச் சான்றைத்தான் நூறு ரூபாய்க்கு விலை பேசுகிறார்.

ஒப்பந்தத்தில் வேலை முடியும் தேதி, தாமதத்துக்கான இழப்பீடு, பொருட்களின் தரம், கலவையின் தரம் ஆகியவற்றோடு ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்வோம். மொத்தத் தொகையில் ஐந்து விழுக்காட்டை நிறுத்திவைத்து, வீடு ஓர் இடவப்பாதியையும் ஒரு துலாவர்ஷத்தையும் ஒழுகாமல் கடந்த பின்னரே கொடுப்பதாக அந்த வரி இருக்க வேண்டும். தம் வேலையை நம்பும் ஒப்பந்தக்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை.