ஐந்து வருட மாணவர், ஐம்பது வருடக் கருவி

1958-இன் தொடக்கத்தில் அயோவா பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்து சேர்ந்த தரவுகள் யாருக்கும் பிடிபடவில்லை. ஜனவரி 31 இரவு ஏவப்பட்ட எக்ஸ்புளோரர் 1, அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள். அதற்குள் இருந்த காய்கர் எண்ணியை உருவாக்கியது இந்தத் துறைதான். காஸ்மிக் கதிர்களை எண்ணிச் சொல்வது அதன் வேலை. செயற்கைக்கோள் தாழப் பறந்தபோது எதிர்பார்த்த எண்ணிக்கை வந்தது. உயரே போனபோது சில பதிவுகளில் பூஜ்யம் வந்தது. கருவி கெட்டுவிட்டதா? அல்லது அந்த உயரத்தில் கதிர்களே இல்லையா?

எக்ஸ்புளோரர் 1-இல் தரவுகளைச் சேமித்து வைக்க வழியில்லை. தரை நிலையத்தின் தலைக்கு மேல் வரும்போது மட்டுமே செய்தி கிடைத்தது. மார்ச் 26 அன்று ஏவப்பட்ட எக்ஸ்புளோரர் 3-இல், ஜார்ஜ் லட்விக் என்ற ஆராய்ச்சி மாணவர் வடிவமைத்த சிறிய டேப் ரெக்கார்டர் இருந்தது. முதன்முறையாக ஒரு முழுச் சுற்றின் கணக்கு கைக்கு வந்தது: எண்ணிக்கை ஏறுகிறது, கிடுகிடுவென உயர்கிறது, திடீரெனப் பூஜ்யமாகிறது, பிறகு மீண்டும் தலைகாட்டுகிறது.

கார்ல் மெக்கில்வெயின் என்ற இன்னொரு ஆராய்ச்சி மாணவர், விண்ணுக்குப் போனதைப் போன்ற எண்ணி ஒன்றை எக்ஸ்ரே இயந்திரத்தின் முன் வைத்துப் பார்த்தார். கதிர்வீச்சு அளவுக்கு மீறும்போது துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, மின்சுற்று உணர முடியாத அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன. அப்போது எண்ணி பூஜ்யம் காட்டுகிறது. ஆக, அந்தப் பூஜ்யத்துக்குக் காரணம் கதிர்வீச்சின் வெள்ளம். அந்த ஆண்டு மே 1 அன்று வாஷிங்டனில் அந்தத் துறையின் பேராசிரியர் ஜேம்ஸ் வான் ஆலன் இதை அறிவித்தார். பூமியைச் சூழ்ந்திருக்கும் அந்தக் கதிர்வீச்சுப் பட்டைகள் இன்று அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன.

விண்வெளி வரலாறு எழுதுபவர்கள் இதைக் கண்டுபிடிப்பின் கதையாகச் சொல்வார்கள். ஓர் ஆய்வகத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கான பாடமும் இதில் இருக்கிறது. மேலே போன கருவியின் இரட்டை கீழே இருந்தது. அதை உள்ளும் புறமும் அறிந்த மாணவர்கள் அதே கட்டடத்தில் இருந்தார்கள். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தப் பூஜ்யம் பல காலம் புதிராகவே நீடித்திருக்கும்.

வான் ஆலன் முன்யோசனைக்காரர். எந்த ராக்கெட்டுக்கு வாய்ப்புக் கிடைக்கும் என்று தெரியாத நாட்களிலேயே, கடற்படையின் வான்கார்டு, ராணுவத்தின் ஜூபிடர்-சி ஆகிய இரண்டிலும் பொருந்தும்படி கருவியை வடிவமைக்கச் செய்தார். சோவியத் யூனியனின் ஸ்புட்னிக் பறந்த 1957 அக்டோபரில் அவர் தென்கடல்களை நோக்கி ஆய்வுக்கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அமெரிக்காவில் எல்லாம் அவசர கதியில் மாறியது. லட்விக் கருவியைத் தன் காரில் வைத்து, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, கலிபோர்னியாவின் பசடேனாவிலிருந்த ஜெட் உந்துவிசை ஆய்வகத்துக்கு ஓட்டிச் சென்றார். தலைவர் கடலில் இருக்கும்போதும் மாணவர்களே முடிவெடுத்து நடத்தும் அளவுக்கு அந்த ஆய்வகம் அவர்களை நம்பியது.

1961 ஜூனில் அயோவாவின் இன்ஜுன் 1 பறந்தது. ஒரு பல்கலைக்கழகமே முழுமையாக வடிவமைத்துக் கட்டிய முதல் செயற்கைக்கோள் அது. கூடவே போன இன்னொரு செயற்கைக்கோளிலிருந்து அது பிரியாமல் ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்படியிருந்தும் தரவு அனுப்பியது.

இப்படிப்பட்ட ஆய்வகத்தை நிர்வகிப்பவரின் அன்றாடம் வெளியே தெரிவதில்லை. விண்கருவி ஏவப்பட்ட பிறகு ஒரு திருகைக்கூட இறுக்க முடியாது. ஆகவே எல்லாத் தவறும் தரையிலேயே வெளிப்பட்டாக வேண்டும். சந்தையில் பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதுபோல, கருவியை அதிர்வு மேசையில் பூட்டி ராக்கெட்டின் உலுக்கலைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பிறகு வெற்றிட அறைக்குள் வைத்து, கடுங்குளிருக்கும் கடும் வெப்பத்துக்கும் மாறி மாறி உட்படுத்துகிறார்கள். காற்றில்லாத இடத்தில் வெப்பம் வெளியேற வழி குறைவு. பசையும் பிளாஸ்டிக்கும் கக்கும் ஆவி கண்ணாடி வில்லைகளில் படியும். மேசைமேல் நன்றாக ஓடிய மின்சுற்று அங்கே தடுமாறும்.

சோதனை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் பதிவேடு. எந்த இணைப்பியை எத்தனை முறை செருகிக் கழற்றினார்கள், எந்தத் திருகை எவ்வளவு முறுக்கினார்கள், எந்தப் பாகத்தை யார் பற்றவைத்தார் என்பதையெல்லாம் அன்றன்றே எழுதியாக வேண்டும். எழுதச் சலிப்படையும் கெட்டிக்கார மாணவரை உட்கார வைத்து எழுதச் செய்வது நிர்வாகியின் பொறுப்பு. ஏனென்றால் மாணவர் ஐந்தாறு வருடங்களில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். கருவியோ பறந்துகொண்டிருக்கும்.

எத்தனை காலம் பறக்கும் என்பதற்கு வாயேஜரே சாட்சி. 1977-இல் ஏவப்பட்ட இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் அயோவாவில் கட்டப்பட்ட பிளாஸ்மா அலைக் கருவிகள் இருக்கின்றன. அந்தப் பரிசோதனைக்கு முதலில் தலைமை வகித்தவர் கலிபோர்னியாவில் ஒரு நிறுவனத்தில் பணிபுரிந்த ஃபிரெட் ஸ்கார்ஃப். 1988-இல் அவர் இறந்ததும் பொறுப்பு அயோவாவின் டான் கர்னெட்டிடம் வந்தது. கர்னெட் 1958-இல் மின்பொறியியல் இளங்கலை மாணவராக வான் ஆலனின் ஆய்வகத்துக்குள் நுழைந்தவர். அவர் ஓய்வுபெற்ற பின் அதே துறையில் படித்து வளர்ந்த பில் குர்த் பொறுப்பேற்றார்.

இந்தத் தொடர்ச்சியால் விளைந்த பெரும் பயன் 2013-இல் வெளிவந்தது. வாயேஜர் 1 சூரியனின் ஆதிக்க எல்லையைக் கடந்துவிட்டதா என்ற விவாதம் அப்போது சூடாக இருந்தது. சுற்றியுள்ள பிளாஸ்மாவின் அடர்த்தியை அளந்தால் விடை கிடைக்கும். ஆனால் அதற்கென இருந்த கருவி 1980-லேயே பழுதாகிவிட்டது. 2012 மார்ச்சில் சூரியனில் நிகழ்ந்த வெடிப்பின் அதிர்ச்சி ஓராண்டுக்கு மேல் பயணித்து 2013 ஏப்ரலில் வாயேஜரைத் தொட்டபோது, அங்கிருந்த பிளாஸ்மா துடித்தது. அயோவாவின் கருவி அந்தத் துடிப்பைக் கேட்டது. துடிப்பின் அதிர்வெண்ணிலிருந்து அடர்த்தியைக் கணக்கிட்டது கர்னெட்டின் குழு. சூரிய எல்லைக்குள் இருந்ததைவிடச் சுமார் 40 மடங்கு அதிகம். வாயேஜர் 2012 ஆகஸ்டிலேயே விண்மீன்களுக்கிடையேயான வெளிக்குள் நுழைந்துவிட்டது என்பது உறுதியானது. 36 வயதான கருவியை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆய்வகத்தில் இருந்ததால் கிடைத்த விடை இது.

அண்மையில் அதே பல்கலைக்கழகம் இன்னொரு சோதனையையும் தாண்டியது. டிரேசர்ஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள் திட்டத்துக்கு 2019-இல் நாசா 11.5 கோடி டாலர் ஒதுக்கியது. தலைமை விஞ்ஞானி கிரெய்க் கிளெட்சிங் 2023-இல் காலமானார். கட்டுமானத்தின் நடுவில் தலைவரை இழந்த அந்தத் திட்டத்தை அதே பல்கலைக்கழகத்தின் டேவிட் மைல்ஸ் கையிலெடுத்தார். 2025 ஜூலையில் இரண்டு செயற்கைக்கோள்களும் ஏவப்பட்டன. ஒரே மனிதரின் தலைக்குள் எல்லாம் பூட்டிக் கிடந்திருந்தால் இது நடந்திருக்காது.

தமிழ்நாட்டுக்கும் இதில் அக்கறை உண்டு. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட். 40 கிலோ எடையுள்ள அது 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-12-இல் பறந்தது. இன்று வாய்ப்புகள் பெருகியிருக்கின்றன. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டத்தையே சோதனை மேடையாக்கி, கல்வி நிறுவனங்களின் கருவிகளையும் இஸ்ரோ விண்ணில் இயக்கிப் பார்க்கிறது. 2024 டிசம்பரில் பறந்த மேடையில் மட்டும் 24 கருவிகள் இருந்தன.

ராக்கெட்டில் இடம் கிடைப்பது முதல் படி. ஒரு கருவி பறந்து முடிந்து அடுத்தது தொடங்கும் வரையிலான இடைவெளியில்தான் பல்கலைக்கழக ஆய்வகங்கள் கரைந்துபோகும். திட்ட நிதி தீர்ந்ததும் பொறியாளர் வேறு வேலை தேடிப் போவார். வெற்றிட அறையில் தூசி படியும். பதிவேடுகள் யார் அலமாரியில் இருக்கின்றன என்றே தெரியாமல் போகும். அடுத்து வரும் மாணவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார்.

செயற்கைக்கோள் கட்டும் ஆசையோடு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும் துணைவேந்தர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கருவிக்கான பணத்தோடு, திட்டம் முடிந்தாலும் பணியில் நீடிக்கும் ஒரு பொறியாளருக்கும் ஒரு தொழில்நுட்பருக்கும் நிரந்தரப் பணியிடம் கேளுங்கள். பறக்கும் கருவியைப் போலவே இன்னொன்றைச் செய்து ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளவும் பணம் கேளுங்கள். நிதி தரும் அரசுகள் இவற்றை வெட்டாமல் தர வேண்டும்.