வானலைக்கும் வரப்பு உண்டு

உங்கள் வீட்டு வைஃபை பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்ததுண்டா? அதில் 'நாடு' என்று ஓர் இடம் இருக்கும். "இந்தியாவை எடுத்துவிட்டு ஜப்பான் என்று போட்டேன், 14ஆம் சேனல் கிடைத்துவிட்டது. காற்றுக்கு ஏது சார் எல்லை?" என்று என் மாணவர் ஒருவர் பெருமையோடு கேட்டார். கேள்வி நல்ல கேள்வி. செய்தது தவறு என்பதே என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். முதல் சேனலின் மையம் 2412 மெகாஹெர்ட்ஸ். அங்கிருந்து ஐந்து ஐந்தாகத் தள்ளிப்போய் 13ஆம் சேனல் 2472இல் நிற்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் பிடிக்கும். ஆகவே 13ஆம் சேனல் 2482 வரை பரவும். எல்லைக்கல்லோ 2483.5இல் இருக்கிறது! அதற்கு அப்பால் குடியிருப்பவை, செயற்கைக்கோளுடன் பேசும் கருவிகள். அமெரிக்காவில் 1 வாட் வரை அனுப்பலாம். ஆனால் எல்லை தாண்டிக் கசியக்கூடாது என்ற விதி கடுமையானது. அதனால் அங்கு விற்கும் கருவிகள் பெரும்பாலும் 11ஆம் சேனலோடு நின்றுவிடும். ஐரோப்பாவில் 13 வரை போகலாம். ஆனால் ஆன்டெனா குவித்துத் தருவதையும் சேர்த்து 100 மில்லிவாட்தான். நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு விதிகள் 2400 முதல் 2483.5 வரை உரிமமின்றிப் பயன்படுத்த விட்டன. 1 வாட், ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட். நம் மாணவர் பிடித்த 14ஆம் சேனலின் மையமே 2484. அதாவது, வரப்பைத் தாண்டி அடுத்தவர் வயலில் இறங்கிவிட்டார்.

"சக்தியைக் கூட்டினால் தூரம் கூடுமே?" என்பீர்கள். திறந்த வெளியில்கூட, சக்தியை இரு மடங்காக்கினால் தூரம் 1.4 மடங்குதான் கூடும். அதோடு, பெட்டி உரக்கக் கத்தினாலும் உங்கள் கைப்பேசி முணுமுணுப்பாகத்தானே பதில் சொல்லும்? பக்கத்து வீட்டாருக்குத்தான் தொல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது. 1985இல் டல்லஸ் விமான நிலையத்தருகே திடீர்க் கீழ்க்காற்றில் சிக்கி ஒரு விமானம் விழுந்தது. 130 பேருக்கு மேல் மாண்டனர். அத்தகைய காற்றை முன்கூட்டியே காண அமெரிக்க விமான நிலையங்களில் ராடார்கள் நிறுவப்பட்டன. அவை 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அந்த அலைவரிசையில் ராடார் ஒலித்தால் வைஃபை கருவி தானே விலகிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் 2009இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகர ராடாரில் குறுக்கீடு தெரிந்தது. தேடிப் பார்த்தால், உயரத்தில் நிறுவிய கம்பியில்லா இணையக் கருவிகள்!

எனக்கு ஒரு குறையும் உண்டு. பெட்டி 'நாடு' என்று மட்டும் கேட்கிறது. ஏன் கேட்கிறது என்று ஒரு வரிகூடச் சொல்வதில்லை. காரணம் தெரியாத விதியை எந்த மாணவன் மதிப்பான்?

நம் மாணவர் மறுநாளே இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். இரும்பு பீரோவின் பின்னாலிருந்த பெட்டியை எடுத்துக் கூடத்து அலமாரியின் மேல் வைத்தாராம். மாடியறையிலும் இப்போது நன்றாகக் கிடைக்கிறதாம்.