பொறுப்பதா, தடுப்பதா?

"கத்தி வைத்தால் வலிக்கத்தான் செய்யும், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்" என்று நோயாளிக்கு அறிவுரை கூறுவோர் நம்மிடையே பலர். பொறுமை உயர்ந்த பண்புதான். ஆனால் தடுக்கக்கூடிய வலியைத் தாங்கச் சொல்வது பொறுமையைப் போற்றுவதாகுமா? ஆகாது என்பதே என் கருத்து.

சிறுநீரகக் கல் அறுவையை எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் பெரிய கல்லை எடுக்க விலாப்புறத்தை நீளக் கிழித்தார்கள். 1976-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் பெர்ன்ஸ்ட்ரோமும் யோகான்சனும் முதுகுப்புறத்துச் சிறு துளை வழியே கல்லை எடுக்கும் முறையை வெளியிட்டனர். இன்று அத்துளை ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான்; அதனினும் சிறிதாக இடுவோரும் உண்டு. துளை சிறிது, வலி சிறிதன்று. தோலையும் தசையையும் சிறுநீரகத்தின் உறையையும் துளைத்தன்றோ கருவி உட்செல்கிறது! சிலருக்குச் சிறுநீர் வடிய ஒரு குழாயும் அவ்வழியே வைக்கப்படுகிறது. மயக்கம் தெளிந்த முதல் சில மணி நேரமே பெருந்துன்பம்.

அந்நேரத்தை எளிதாக்க ஒரு வழி உண்டு. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே, துளை சென்ற பாதை நெடுக மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஊசியால் செலுத்தலாம். 1957-இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட பூபிவகைன் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. வலி நரம்பின் வழியே மின்னலையாகச் செல்கிறது. அவ்வலை எழச் சோடியம் அயனிகள் நரம்பினுள் பாய வேண்டும். இம்மருந்து அவற்றின் வாயிலை அடைத்துவிடுகிறது. மூளைக்குச் செய்தி போவதில்லை.

மார்பின் இல்லையா என்பீர்கள். உண்டு, கூடவே குமட்டலும் மலச்சிக்கலும் உண்டு, அளவு மிஞ்சினால் மூச்சே தளரும். ஐபுப்ரோபென் போன்றவையோ, முன்பே பழுதுற்ற சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யலாம். ஊசி போட்டவர்களுக்கு மார்பின் வகை மருந்துகளின் தேவை குறைந்ததை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. எல்லா ஆய்வுகளும் ஒரே அளவு பயனைக் காட்டவில்லை என்பதும் உண்மை. பூபிவகைனும் அளவு மீறினால் வலிப்பு வரும், இதயம் தடுமாறும். ஆகவே உடல் எடைக்கேற்ப மருத்துவரே அளவிட வேண்டும்.

வேதியியல் மாணவன் இதைத் தமிழ் மன்ற இதழில் எழுதுவானேன்? காரணம் உண்டு. சென்ற ஆண்டு, இவ்வூரில் கட்டட வேலை செய்யும் தமிழர் ஒருவருக்கு இந்த அறுவை நடந்தபோது மொழிபெயர்க்கச் சென்றிருந்தேன். "விண் விண்ணென்று தெறிக்குது தம்பி, நடுவிலே சுருக்கென்று குத்துது" என்றார் என்னிடம். செவிலியரிடம் சொல்ல அவருக்குத் தெரிந்த இந்தி 'தர்த்' என்ற ஒரே சொல். இரவெல்லாம் அதையும் சொல்லாமல் கிடந்திருக்கிறார். கேட்டால் தரப்படும் மருந்து, கேட்கத் தெரிந்தவருக்கே கிடைக்கிறது. முன்னதாகவே போடப்படும் ஊசியோ நோயாளியின் வாய்மொழிக்குக் காத்திருப்பதில்லை. பிறமொழி நாட்டில் பிழைக்க வந்தவருக்கு இது எத்துணைப் பெரிய உதவி!

தோழர்களே, நம் மன்றம் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. மருத்துவமனைக்குத் துணை செல்ல விரும்பும் மாணவர் பெயர்ப்பட்டியல் ஒன்று வைத்திருப்போம். அறுவைக்கு முதல் நாளே, "துளையிட்ட இடம் மரத்துப்போக ஊசி போடுவீர்களா? இவருக்கு அது பொருந்துமா?" என்று மருத்துவரைக் கேட்போம். கேட்பதில் குற்றமில்லை. முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.