குண்டூசி எப்போது பிடுங்குவது?

விசுவாச வாழ்வில் வளர்வதைப் பற்றிப் பிரசங்கம் என்றால் குயவனும் களிமண்ணும் வந்துவிடும். எரேமியா குயவன் வீட்டுக்குப் போன கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பகுதியின்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சக்கரத்தில் கிடக்கும் மண்ணுக்குச் செய்ய வேலை எதுவும் கிடையாது; பானையும் சீக்கிரம் எழும்பிவிடுகிறது. பல வருடமாக ஆலயத்துக்குப் போய்வந்தும் கோபம் தணியவில்லையே, பொறாமை போகவில்லையே, ஜெபத்தில் மனம் நிற்கவில்லையே என்று உள்ளுக்குள் வாடுகிறவர்களுக்கு அந்த உவமை போதவில்லை. அவர்களுக்குச் சொல்ல வேறொரு கைத்தொழில் இருக்கிறது. குமரி, நெல்லைச் சபைகளிலேயே வேர்விட்டு வளர்ந்த தொழில் அது. தலையணை லேஸ். பழைய ஆட்கள் ரேந்தை என்பார்கள்.

லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட் 1819 கடைசியில் நாகர்கோவிலுக்கு வந்தார். அவருடைய மனைவி மார்த்தா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, எழுத்தோடு லேஸ் வேலையும் கற்றுக்கொடுத்தார். அவர்களுடைய மகள் எலைசா நாகர்கோவிலில் பிறந்து, நம் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர். 1844-ல் கால்டுவெல்லைக் கைப்பிடித்து இடையன்குடிக்குப் போனபோது, தேரி மணலுக்கும் பனைக்கும் நடுவே அந்த ஊருக்கும் இந்த வேலை போய்ச் சேர்ந்தது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தை உலகம் அறியும். இடையன்குடி வீடுகளில் லேஸ் தலையணை முன்னால் உட்கார்ந்து சம்பாதித்த பெண்களுக்கோ எலைசாவைத்தான் அதிகம் தெரிந்திருக்கும். கத்தோலிக்கர் பக்கம் முளகுமூடு. பெல்ஜியத்தின் ஈப்ரே நகரத்திலிருந்து மரி லூயிஸ் தெ மீஸ்டர் என்ற கன்னிகை 1897-ல் அங்கே வந்து இறங்கினார். ஈப்ரே லேஸுக்குப் பேர்போன ஊர். முளகுமூடு மடத்து லேஸும் பின்னாளில் பேர் வாங்கியது.

இந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இறுக்கமாக அடைத்த ஒரு திண்டு. அதன்மேல் ஊசியால் புள்ளி புள்ளியாகத் துளை போட்ட ஓர் அட்டை, அதுதான் மாதிரி. நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்குகின்றன. பாபின் என்கிற இந்தக் கட்டைகள் சின்ன ஓரத்துக்குக்கூடச் சில ஜோடி வேண்டும், அகலமான வேலைக்கு நூறையும் தாண்டும். பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். பின்னுகிறவர் கையிலோ ஒரு நேரத்தில் இரண்டே ஜோடி, நான்கே கட்டைகள். மற்றவை ஓரத்தில் ஒதுங்கித் தங்கள் முறைக்காகக் கிடக்கின்றன. அவர் செய்கிற அசைவும் இரண்டேதான். நடுவில் உள்ள இரண்டு கட்டைகளில் இடப்பக்கத்தை வலப்பக்கத்தின் மேலாக மாற்றுவது ஒன்று. ஒவ்வொரு ஜோடியிலும் வலக்கட்டையை இடக்கட்டையின் மேல் போட்டு முறுக்குவது மற்றொன்று. பூவோ, இலையோ, வலையோ, நட்சத்திரமோ, உலகத்தில் உள்ள அத்தனை தலையணை லேஸும் இந்த இரண்டிலிருந்து பிறந்ததுதான். மூன்றாவது அசைவு கிடையாது.

இதை அறிந்த பிறகு, ஆவிக்குரிய வாழ்க்கையில் புதிதாக ஏதாவது ரகசியம் கிடைக்குமா என்று கூட்டம் கூட்டமாக அலைவதில் எனக்கு நாட்டம் போய்விட்டது. மூன்று நாள் எழுப்புதல் கூட்டத்தில் ஒருவர் மனம் தொடப்படுவதை நான் மறுக்கவில்லை. தொடப்பட்ட மனம் திங்கட்கிழமை காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. ஜெபித்தல், மன்னித்தல். வசனத்தைக் கேட்டல், கேட்டதைச் செய்தல். நம் முன்னோருக்கும் இவ்வளவுதான் இருந்தது. கையில் இருக்கிற நான்கு கட்டையைச் சரியாகப் போட்டால் போதும். ஒதுங்கிக் கிடக்கும் மற்ற எழுபது எண்பதும் நாளைய கவலை.

தப்பு நேர்ந்தால் என்ன செய்கிறார்கள் என்பதுதான் என்னை மிகவும் யோசிக்கவைத்தது. லேஸில் ஒரு மாற்று தவறிப்போனால் அந்த இடத்தில் உடனே தெரியாது. பல வரிகள் கடந்தபின் பூவின் இதழ் கோணலாக நிற்கும்போதுதான் தெரியும். வெட்டி ஒட்ட முடியாது, முடிச்சுப் போட்டால் காட்டிக்கொடுக்கும். ஒரே வழிதான்: போட்ட மாற்றையெல்லாம் பின்னோக்கி, ஒவ்வொன்றாக, போட்ட வரிசையின் தலைகீழ் வரிசையில் அவிழ்த்துக்கொண்டே அந்தத் தவறு வரைக்கும் போவது. குத்திய ஊசிகளும் வழியில் ஒவ்வொன்றாக வெளியே வரும். பிறகு மறுபடியும் முன்னோக்கி.

சகேயு இதைத்தான் செய்தான். இயேசு அவன் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் அவன் கண்ணீர் விட்டானா என்று லூக்கா எழுதவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய் என்று கணக்குப் போட்டான். யார் யாரிடம் வாங்கினானோ அந்த வாசல்களுக்கு அவன் திரும்பப் போயிருக்க வேண்டும். நம் சபைகளில் மனந்திரும்புதல் பெரும்பாலும் முழங்கால்படியிட்டு அழுவதோடு முடிகிறது. அண்ணன் பங்கை எழுதி வாங்கியவர் அழுகிறார். பத்திரம் அலமாரியிலேயே இருக்கிறது. மருமகளை வார்த்தையால் குத்தியவர் அழுகிறார். மருமகளிடம் போய் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கண்ணீரைத் தேவன் அறிவார், அதை நான் எடைபோட வரவில்லை. ஆனால் பின்னிய தவறை அவிழ்க்காமல் அதன்மேல் எத்தனை அழகாகப் பின்னினாலும் இதழ் கோணல்தான். பின்னோக்கி அவிழ்க்கிற நாட்களில் வேலை வளரவில்லை என்று தோன்றும். அந்த நாட்களில்தான் அது காப்பாற்றப்படுகிறது.

அடுத்து குண்டூசி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டூசி குத்தப்படுகிறது. அதைச் சுற்றித்தான் நூல் திரும்புகிறது. ஊசி இல்லாவிட்டால் லேஸுக்கு வடிவமே இல்லை. ஆனால் முடிந்த லேஸில் ஓர் ஊசியும் இருப்பதில்லை. அப்படியானால் எடுக்க வேண்டிய நேரம் எது? எங்கள் சபையில் இந்த வேலை தெரிந்த பெரியம்மா ஒருவரிடம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னி முடிந்த இடம்தானே என்று நினைத்து நான் ஓர் ஊசியின் தலையைத் தொட்டேன். கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “மக்களே, அத இப்ப எடுக்காத. நூலு இன்னும் படியல, சுருங்கிப் போவும். இன்னும் கொஞ்சம் முன்னால போவட்டு, பொறவு பின்னால உள்ளத எடுக்கலாம்.”

வேலை எவ்வளவோ முன்னால் போன பிறகுதான் பின்னாலுள்ள ஊசி வெளியே வருகிறது. வந்த ஊசி வீணாவதில்லை, முன்னால் புதுத் துளையில் குத்தப்படுகிறது. இரும்பு ஊசி இதற்கு ஆகாது, பித்தளைதான். நம் ஊர் ஈரக்காற்றில் இரும்பு துருப்பிடித்து வெள்ளை நூலில் கறை ஏற்றிவிடும். அந்தக் கறை பிறகு போகாது.

நம் வீடுகளில் சாயங்கால விளக்கேற்றியதும் குடும்ப ஜெபம். ஞாயிறு ஓய்வுநாள் பள்ளி. மனப்பாட வசனம். லெந்து நாட்களில் ஒருவேளை உபவாசம். முதல் சம்பளத்தில் தசமபாகம். இவையெல்லாம் ஊசிகள். பிள்ளை இவற்றைச் சுற்றித்தான் திரும்பி வளர்கிறது. நியாயப்பிரமாணம் நம்மைக் கிறிஸ்துவினிடத்தில் கொண்டுவந்து சேர்க்கிற உபாத்தி என்று கலாத்தியருக்கு எழுதிய பவுல், விசுவாசம் வந்த பிறகு உபாத்திக்குக் கீழே இருப்பதில்லை என்றும் சொன்னார். இரண்டையும் சொன்னார்.

நமக்கு இரண்டு விதத்திலும் தவறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து பிள்ளை சென்னைக்கோ பெங்களூருக்கோ விடுதிக்குப் போகிற அன்றைக்கு எல்லா ஊசியும் ஒரே நாளில் பிடுங்கப்படுகின்றன. நூல் படிந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. ஆறு மாதத்தில் பிள்ளை ஆலயத்துக்கே போகவில்லை என்று வீடு திகைக்கிறது. இன்னொரு பக்கம், பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஓர் ஊசியைக்கூட எடுக்க விடாதவர்கள். ஒரு கூட்டமும் தவறாது, ஓர் உபவாசமும் தவறாது. ஆனால் சட்டம் எழுதாத இடத்தில் இரக்கம் காட்டத் தெரியாது. விதி சொல்லாத ஓர் இடத்தில் தாமாக அன்புகூர வேண்டி வந்தால் தடுமாறிப்போகிறார்கள். துரு ஏறுவது இப்படித்தான். முதல் தவறைப் பற்றி நம் போதகர்கள் நிறையப் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. ஏனென்றால் அது பக்தியின் உடையில் இருக்கிறது.

ஊசியெல்லாம் போன பிறகு லேஸை எது தாங்குகிறது? பசை இல்லை, அடியில் துணி இல்லை. ஒரு நூல் அடுத்த நூலின் மேலும் கீழும் போய்வந்திருக்கிறது, அவ்வளவுதான். தனி நூலாக எதுவும் நிற்காது. அதனால்தான், நான் வீட்டிலிருந்தே யூடியூபில் ஆராதனை பார்த்துக்கொள்கிறேன், சபை மனிதர்களோடு எனக்கு ஒத்துவராது என்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. படுக்கையில் இருப்பவர்களுக்கும் வயோதிகருக்கும் அது பெரிய ஆசீர்வாதம். நடமாட முடிந்தவர்கள், ஒத்துவராத அந்த மனிதர்களின் குறுக்கே போய்வந்துதான் ஆகவேண்டும்.

லேஸை உவமையாக மட்டும் எடுத்துக்கொண்டு அதைச் செய்த கைகளை மறந்துவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவில் பள்ளியில் லேஸ் கற்ற தொடக்ககாலப் பிள்ளைகளில் அடிமைக் குடும்பங்களில் பிறந்தவர்கள் இருந்தார்கள். லேஸ் கூலியைச் சேர்த்து, தங்களுக்குக் குறித்த விலையைக் கட்டி விடுதலையானவர்கள் அவர்களில் உண்டு என்று மிஷன் வரலாறு சொல்கிறது. திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்த அரச அறிவிப்பு 1855-ல்தான் வந்தது. சாணார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்ற அறிவிப்பு 1859-ல். அதுவரைக்கும் மேல்சாதியார் சந்தையிலும் தெருவிலும் அவர்களுடைய தோள்சீலையைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். தங்கள் தோளை மூடவே போராட வேண்டியிருந்த காலத்தில் யாரோ ஒருவருடைய கழுத்துப்பட்டிக்கும் கைவிளிம்புக்கும் இந்தப் பெண்கள் லேஸ் பின்னினார்கள். அந்தக் கூலியில் படித்தார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஆந்திரத்தின் நரசாப்பூரிலும் மிஷனரிகள் வழியாகவே லேஸ் போனது. அது கொக்கி ஊசியில் போடும் குரோஷா வகை. அந்தப் பெண்களைப் பற்றி ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் 1982-ல் புத்தகம் எழுதினார். ஏற்றுமதி வியாபாரிகள் வளர்ந்தார்கள். பகலெல்லாம் பின்னிய பெண்கள் ‘சும்மா வீட்டில் இருக்கிறவர்கள்’ என்று கணக்கில் எழுதப்பட்டு, அற்பக் கூலி பெற்றார்கள் என்பது அவர் காட்டியது. ஆகவே லேஸ்காரியின் பொறுமையைப் பிரசங்கத்தில் புகழ்கிறவர், அவருக்கு என்ன கூலி கிடைத்தது என்றும் கேட்க வேண்டும். நீடியபொறுமை ஆவியின் கனி. அதைக் குறைந்த கூலிக்குச் சாக்காக்குவது அநியாயம்.

ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்ய பெசலெயேலைத் தேவன் தம்முடைய ஆவியால் நிரப்பினார் என்று யாத்திராகமம் சொல்கிறது. நூல் நூற்றுக் கொண்டுவந்த பெண்களையும் அது விட்டுவிடவில்லை. யோப்பாவில் தொற்காள் இறந்தபோது விதவைகள் பேதுருவிடம் எடுத்துக் காட்டியது அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளை. இப்படிப்பட்ட கைவேலையை வேதம் கௌரவமாகவே நடத்துகிறது.

நம் ஆலயங்களில் திருவிருந்து மேசை விரிப்பின் ஓரத்தில் இன்று இருப்பது பெரும்பாலும் மீட்டர் கணக்கில் கடையில் வாங்கிய மெஷின் லேஸ். இந்த வேலை தெரிந்த பெண்களோ சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், பலருக்கு வயதாகிவிட்டது. இந்த வருடம் உங்கள் சபைக்கு ஒரு விரிப்பு வேண்டுமென்றால் அவர்களைத் தேடிப் போங்கள். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டு, அவ்வளவு நாளும் காத்திருங்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை, ஆண்பிள்ளைகளையும் சேர்த்து, சனிக்கிழமைகளில் அந்தத் தலையணைக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். கூலியைப் பேரம் பேசாமல், பாதியை முன்பணமாகக் கொடுங்கள்.