பகிரத் தகாத பொருள்

விதை குறைந்த அண்டை வயலாருக்கு விதை கொடுத்து உதவுவதும், தெருவில் பாவு போடும் நாளில் பக்கத்து வீட்டார் வந்து கைகொடுப்பதும் நம் மக்களின் பழம்பண்பு. கூட்டுறவு இயக்கம் நம் ஊர்களில் வேரூன்றியதும் இப்பண்பினாலேயே. ஆயினும் நாம் நல்லெண்ணத்தோடு பகிரும் பொருள் ஒன்று தீங்கையே விளைவிக்கிறது. அது, டாக்டர் ஒருவருக்கென எழுதிக் கொடுத்த மருந்து.

“எனக்கு இரண்டே நாளில் குணமாயிற்று, நீங்களும் போட்டுப் பாருங்கள்” என்பார் சொல்லில் வஞ்சமில்லை. ஆனால் நோய் ஒன்றாயினும் உடல் ஒன்றன்று. தறிக்குழியில் அமர்ந்து இடுப்பும் முழங்காலும் நோகும் நெசவாளர் பலர். ஒருவர் வலியைத் தீர்த்த மாத்திரை, குடற்புண் உள்ள மற்றொருவருக்கு இரத்தக் கசிவை உண்டாக்கலாம். சிறுநீரகம் பழுதுற்றவருக்கு மேலும் கேடு செய்யலாம். சர்க்கரை மாத்திரைகளுள் சில, அந்நோய் இல்லாதவரை மயங்கி விழச் செய்யும். இரத்த அழுத்த மாத்திரைகளுள் சில, கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும்.

கொடுப்பவருக்கும் நஷ்டமே. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், ஏழை நோயாளர் வீட்டிலிருந்து மருந்துண்டாலும் ஆஸ்பத்திரியில் தங்கியவரைப் போலவே குணமடைவர் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. மருந்தை ஒழுங்காக உண்கிறார்களா என்பதைச் சிறுநீர்ச் சோதனையாலும் கவனித்தே அம்முடிவுக்கு வந்தனர். தமக்குரிய மருந்தில் பாதியை ஈந்துவிட்டால், எஞ்சிய கிருமி அம்மருந்துக்கே அடங்காததாகிவிடக்கூடும்.

தொலைவும் அன்றைய கூலி இழப்புமே பலரை இவ்வழியில் செலுத்துகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. பென்னாகரம் மலைப்பக்கத்துச் சிற்றூராருக்கு டாக்டரைக் காண்பது ஒரு நாள் வேலை. இதனை உணர்ந்தே 5-8-2021 அன்று, 2004 வரை நம் மாவட்டத்தோடிருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளியில், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பெற்றது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உடையோருக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அது ஒருவருக்கென எண்ணித் தரும் அளவு. பிறருக்குக் கொடுத்தால் மாதக் கடைசியில் தமக்கில்லை. அண்டையாருக்கும் அந்நோய் உண்டெனில் அவர் பெயரையும் பதிவு செய்விப்பதே முறை.

அங்கத்தினர்களே! அட்டையில் சிவப்புக் கோடிட்ட மருந்து, டாக்டர் சீட்டின்றி உண்ணத் தகாதது என்பதை வீட்டிலுள்ளோர்க்கும் சொல்லுங்கள். அண்டை வீட்டார் நோயுற்றால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடன் செல்லுங்கள். அவர் தறியையோ ஆடுமாட்டையோ அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பகிர வேண்டியது மாத்திரையன்று. நம் நேரமும் உழைப்புமே.