நரைத்த பிறகும் பந்து ஆடலாமா?

மாலை ஐந்தரை மணி. தியாகராய நகரில் ஒரு மைதானம். சிமெண்டுத் தரை. இரண்டு கம்பம், இரண்டு வளையம்.

பையன்கள் கூடைப்பந்து ஆடுகிறார்கள். நடுவில் தலை நரைத்த ஒருவர். முழங்காலில் உறை மாட்டி இருக்கிறார். பந்துக்குத் தாவுகிறார். கால் தரையில் பட்டதும் முகத்தைச் சுளிக்கிறார்.

"அங்கிள், போதும். உட்காருங்க!" என்கிறான் ஒரு பையன்.

வீட்டில் இன்னொரு வழக்கு. "பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயசிலே பந்து என்ன வேண்டிக்கிடக்கு? காலை உடைச்சுக்கிட்டு வந்தா யார் பார்க்கிறது?" என்று மனைவி கேட்கிறாள்.

மயிலாப்பூரிலும், அடையாறிலும் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. யார் சொல்வது சரி?

கூடை வந்த கதை

கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891-ம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பனிக்காலத்தில் மாணவர்கள் உள்ளே ஆட ஒரு விளையாட்டு வேண்டி இருந்தது. பழக்கூடையை 10 அடி உயரத்தில் மாட்டினார். இன்றும் வளையத்தின் உயரம் 10 அடிதான்!

இடிக்கக்கூடாது, தள்ளக்கூடாது, பந்தோடு ஓடக்கூடாது என்று முதலிலேயே விதி எழுதினார். முரட்டுத்தனம் இல்லாத ஆட்டமே அவர் விரும்பியது.

சென்னையில் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஹாரி குரோ பக் தொடங்கினார். இன்று அது நந்தனத்தில் இருக்கிறது.

முழங்காலுக்கு என்ன ஆகிறது?

எலும்போடு எலும்பு உரசாமல் இருக்க, முழங்காலில் குருத்தெலும்பு இருக்கிறது. அது மெத்தை மாதிரி. எலும்புகளை இழுத்துப் பிடிக்க ஜவ்வு இருக்கிறது. அது கயிறு மாதிரி.

கூடைப்பந்தில் பாய வேண்டும், சட்டென்று நிற்க வேண்டும், திரும்ப வேண்டும். பாதம் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால் ஜவ்வு அறுந்துவிடலாம். குதித்து இறங்கும்போது உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு பாரம் முழங்காலில் விழும்.

குருத்தெலும்பில் ரத்த ஓட்டம் இல்லை. தேய்ந்தால் எளிதில் வளராது.

மனைவியின் நியாயம்

ஜவ்வு அறுந்து ஆபரேஷன் செய்தால், மறுபடி ஆட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். சம்பாதிக்கிறவர் படுத்தால் குடும்பமே படுக்கும். ஆகவே அவள் கோபம் நியாயமானது.

ஆனால், ஆட்டத்தை விட்டவர் என்ன செய்வார்? நாற்காலியில் சாய்வார். எடை ஏறும். சர்க்கரை எட்டிப் பார்க்கும். உடம்பில் ஒரு கிலோ கூடினால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் கூடும். சும்மா இருந்தாலும் முழங்கால் தப்பாது!

ஆடிக் காட்டியவர்கள்

அமெரிக்க வீரர் கரீம் அப்துல் ஜப்பார் 42 வயது வரை ஆடினார். 1989-ல்தான் ஓய்வு பெற்றார்.

டெரிக் ரோசுக்கு 2012-ல் முழங்கால் ஜவ்வு அறுந்தது. பிறகும் ஆபரேஷன்கள். ஆனாலும் 2018-ல் ஒரே ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்தார்!

நம் சென்னை அனிதா பால்துரை, இந்தியப் பெண்கள் அணியின் தலைவியாக இருந்தவர். தாயான பிறகும் களம் இறங்கினார். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ரோசுக்குப் பின்னால் டாக்டர்கள் படையே இருந்தது. தியாகராய நகர்க்காரரிடம் இருப்பது ஒரு தைல பாட்டில்!

என்ன செய்யலாம்?

ஆட்டத்தை விட வேண்டாம். ஆடும் விதத்தை மாற்ற வேண்டும்.

முழங்கால் வீங்கினாலோ, மடக்க முடியாமல் சிக்கிக் கொண்டாலோ, நடக்கும்போது நழுவினாலோ, டாக்டரிடம் போக வேண்டும். அவர் சரி என்று சொல்லும் வரை மைதானத்தில் பார்வையாளராக இருக்கலாம்.

மாத்திரை போட்டு வலியை அடக்கிக்கொண்டு ஆடக்கூடாது. வலி ஒரு காவல்காரன். அவன் வாயைப் பொத்திவிட்டு, திருடன் வந்தான் என்று அழுது பயன் இல்லை.

தொடைச் சதை பலமாக இருந்தால் முழங்காலின் பாரம் குறையும். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டிச் சில விநாடி நிறுத்தி இறக்கலாம். ஆடுமுன் பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்ற வேண்டும். தினமும் ஆடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் ஆடலாம்.

முழு மைதானம் ஓட வேண்டியது இல்லை. மூன்று பேருக்கு மூன்று பேர், பாதி மைதானத்தில், ஒரே வளையத்தில் ஆடலாம். இது மட்டமான ஆட்டம் அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021-ல் பதக்கம் கொடுத்த ஆட்டம்!

தாவிப் பறிப்பதைப் பையன்களுக்கு விட்டுவிடலாம். குறி பார்த்து எறிவதும், ஆள் பார்த்துக் கொடுப்பதும் வயதால் கெடுவது இல்லை.

எல்லாவற்றையும் விடக் கடினம் ஒன்று உண்டு. "இருபது வயதில் எப்படித் தாவினேன், தெரியுமா?" என்ற நினைப்பை மூட்டை கட்டுவதுதான் அது. முழங்காலைக் கெடுப்பதில் அந்த நினைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர், ஆட்டம் முடிந்து தன் காலாலேயே வீட்டுப் படி ஏறுவார். மனைவியும் கதவைத் திறந்தபடி, "இன்னிக்கு ஜெயிச்சீங்களா?" என்று கேட்பாள்!